றோசா மழையும் வரலாற்று உண்மையும்

வரலாற்று ஓவியம் ஒன்றை எதிர்கொள்ளும்போது நம்முள் இரு வினாக்கள் எழுகின்றன. அது எவ்வளவு திறம்பட வரையப்பட்டுள்ளது என்பது ஒன்று. அது சொல்வது மெய்தானா என்பது மற்றொன்று. பெரும்பாலும் முதல் வினாவுக்குக் கிடைத்த விடையையே இரண்டாவதற்கும் விடையாக நாம் ஏற்றுக்கொண்டு விடுகிறோம். தூண்களும் துகில்களும் பாத்திரங்களும் நேரிற் கண்டவைபோலத் தோன்றுமிடத்து, நிகழ்ச்சியும் அவ்வாறே நிகழ்ந்திருக்க வேண்டும் என்று மனம் அமைதி கொள்கிறது. இம்மயக்கம் எவ்வாறு தோற்றுவிக்கப்படுகிறது, அது யாருடைய பார்வைக்கு இசைவாக அமைகிறது என்பவற்றை, லோறன்ஸ் அல்மா-தடேமா 1888ஆம் ஆண்டில் வரைந்து முடித்த 'ஹெலியோகபாலஸின் றோசாக்கள்' என்னும் ஓவியத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏறத்தாழ 132 சென்ரிமீற்றர் உயரமும் 214 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட தைலவர்ண ஓவியம் இது. அதன் கீழ்ப்பகுதியை இளஞ்சிவப்பு நிற இதழ்கள் வெள்ளமென நிரப்பியுள்ளன. அவ்வெள்ளத்தினிடையே விருந்தினர் சிலரின் முகங்களும் தோள்களும் கைகளும் தென்படுகின்றன. அவர்களுக்கு அப்பால், உயர்ந்த மேடையொன்றில், பொன்னிறப் பட்டாடையும் முடியணியும் தரித்த இளைஞன் ஒருவன் சாய்ந்திருந்து நிகழ்வதை நோக்குகிறான். அவனே உரோமப் பேரரசன் ஹெலியோகபாலஸ். மாலை சூடிய வேறு சிலரும் அவனுடன் உள்ளனர். பின்னணியிற் சிறுத்தைத் தோல் அணிந்த பெண்ணொருத்தி இரட்டைக் குழல் ஊதுகிறாள். மதுவின் தெய்வமாகிய டயனைசஸின் சிலையும், அதற்கப்பால் தொலைதூர மலைகளும் தெரிகின்றன.

தலைப்பையும் கதையையும் அறியாத ஒருவர் இதனைக் கண்டால், களிப்பு மிகுந்த விருந்தொன்றின் காட்சி என்றே கொள்வார். உண்மையில் இது ஒரு கொலைக் காட்சி. விருந்துக்கு அழைக்கப்பட்டோர் மீது பொய்க் கூரையிலிருந்து மலர்கள் கொட்டப்படுகின்றன. அவற்றின் அடியிலிருந்து வெளிவரமுடியாமற் சிலர் மூச்சுத் திணறி இறக்கின்றனர். ஆயினும், ஓவியத்திலுள்ள முகங்களில் அச்சத்தின் சாயலைத் தேடித்தான் காணவேண்டும். உச்சக் கணத்தைத் தவிர்த்து, அதற்கு முந்திய கணத்தையே காண்கலைஞன் தெரிந்தெடுக்க வேண்டும்; எஞ்சியதைப் பார்ப்போனின் கற்பனை நிறைவு செய்யும் என்னும் கருத்தை லெஸ்ஸிங் 1766இல் வெளியான 'லாவோக்கூன்' என்னும் நூலில் விளக்கினார். அக்கோட்பாட்டுக்கு இவ்வோவியம் தக்க சான்று எனலாம். எனினும், இங்கு எஞ்சியதை நிறைவு செய்வது கற்பனை மட்டுமன்று. நாம் முன்னரே கேள்வியுற்ற கதையும் தலைப்புமே அதனைச் செய்கின்றன. எனவே, அக்கதை எத்தகையது என்பதை முதலில் நோக்குதல் இன்றியமையாதது.

வரலாற்றில் ஹெலியோகபாலஸ் என்றோ எலகபாலஸ் என்றோ வழங்கப்படும் இம்மன்னன், சிரியாவின் எமேசா நகரைச் சேர்ந்த குருமார் குடும்பமொன்றில் வந்தவன். இன்று ஹோம்ஸ் எனப்படும் அந்நகரின் தெய்வமாகிய எலகபாலுக்கு அவன் பரம்பரைக் குருவாக விளங்கினான். பாட்டி யூலியா மேசாவின் சூழ்ச்சித் திறத்தாலும் படையினரின் ஆதரவாலும் கி.பி. 218இல், ஏறக்குறைய பதினான்கு வயதில், அரியணை ஏறினான். 222இல் மெய்க்காவற் படையினராற் கொல்லப்பட்டான். அவனது உடல் நகர வீதிகளில் இழுத்துச் செல்லப்பட்டுத் தைபர் ஆற்றில் வீசப்பட்டது. அவனது நினைவையே அழித்துவிடும்படி தீர்ப்பும் வழங்கப்பட்டது. அவன் ஆட்சியில் இருந்தபோது ஏற்ற பெயர் மார்க்கஸ் ஒளரேலியஸ் அன்ரோனினஸ் என்பதாகும். நாம் இன்று அவனை அழைக்கும் பெயர், அவன் இறந்தபின் அவனது தெய்வத்தின் பெயரால் அவனுக்குச் சூட்டப்பட்டது. பெயரைத்தானும் பிறரிடமிருந்து பெற்ற ஒருவனின் கதையைப் பிறரே எழுதினர் என்பதில் வியப்பில்லை.

அவன் காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இருவர். அவர்களுள் கசியஸ் டியோ என்னும் செனற்சபை உறுப்பினர் அவன்மீது கடும் வெறுப்புக் கொண்டிருந்தார், மற்றவர் ஹெரோடியன். பழிகூறும் வாய்ப்பைத் தவறவிடாத டியோவுங்கூட இம்மலர்க் கொலை பற்றி எதுவும் கூறவில்லை. அக்கதை, நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கழித்து எழுதப்பட்ட 'ஹிஸ்தோரியா ஒளகுஸ்தா' என்னும் வாழ்க்கை வரலாற்றுத் தொகுதியிலேயே முதன்முதலிற் காணப்படுகிறது. அங்கும் றோசா பேசப்படவில்லை. வயலெற் முதலிய மலர்களே கூறப்படுகின்றன. நீரோ மன்னனின் பொன்மாளிகையில் விருந்தினர் மீது மலர் சொரியும் சுழல்கூரை இருந்ததாக அதற்கு முன்னரே சுவெற்றோனியஸ் எழுதியிருந்தார். நீரோவின் ஆடம்பரம் ஹெலியோகபாலஸின் கொடுமையாக உருமாறிய வழியை இதிலிருந்து ஓரளவு ஊகித்தறியலாம்.

இவ்விடத்தில் ஒரு காலப்பொருத்தம் கவனத்துக்குரியது. ஓவியம் காட்சிக்கு வைக்கப்பட்டது 1888ஆம் ஆண்டில். அதற்கு அடுத்த ஆண்டாகிய 1889இல், ஹேர்மன் டெசௌ என்னும் ஜேர்மானிய அறிஞர், ஆறு ஆசிரியர்களின் பெயரில் வழங்கிவந்த அந்நூல் உண்மையில் நாலாம் நூற்றாண்டின் இறுதியளவில் ஒருவராலேயே புனையப்பட்டது என்னும் கருத்தை வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டில் றொனால்ட் சைம் முதலியோர் அவ்வாராய்ச்சியை மேலும் வளர்த்தனர். கதையின் நம்பகத்தன்மை ஆய்வுலகிற் சரியத் தொடங்கிய அதே வேளையில், அது மக்களின் கண்ணுக்கு முன் என்றுமில்லாத உறுதியுடன் நிலைநாட்டப்பட்டது. ஆய்வாளரின் கட்டுரையைச் சிலரே படிப்பர். ஓவியத்தைக் கண்டோரின் நினைவிலிருந்து இதழ்கள் அகலமாட்டா.

அத்தகைய உறுதியை வழங்கும் ஆற்றல் அல்மா-தடேமாவுக்கு எங்ஙனம் வாய்த்தது? 1836இல் ஒல்லாந்தின் வடபகுதியிற் பிறந்த அவர், அன்ற்வேர்ப் கலைக்கழகத்திற் பயின்று, பழமையைத் துல்லியமாக மீட்டுருவாக்கும் முறையை ஹென்றிக் லெய்ஸ் என்னும் ஓவியரிடம் கற்றார். 1863இல் இத்தாலி சென்று பொம்பெயியின் இடிபாடுகளைக் கண்டமை அவரது வாழ்வைத் திசை திருப்பியது. 1870இல் இலண்டனிற் குடியேறிய அவர், 1879இல் றோயல் அக்கடமியின் முழு உறுப்பினரானார். பழங்காலக் கட்டடங்கள், சிலைகள், கல்வெட்டுக்கள் ஆகியவற்றின் புகைப்படங்களையும் வரைபடங்களையும் ஆயிரக்கணக்கிற் சேகரித்து வைத்திருந்தார். இவ்வோவியத்தை வரைந்த குளிர்காலத்தில் இங்கிலாந்திற் றோசா கிடைக்காமையால், பிரான்சின் தென்கரையிலிருந்து வாரந்தோறும் மலர்களை வருவித்தார். ஒவ்வோர் இதழையும் கண்முன் வைத்து வரையும் நேர்மை அவரிடம் இருந்தது.

ஆயின், இதழுக்குக் காட்டிய நேர்மை எதற்காக? மூலநூல் வயலெற் என்று கூறும் மலரை அவர் றோசாவாக மாற்றினார். அக்காலத்து ஆங்கில வாசகருக்கு றோசா, காதலையும் புலனின்பத்தையும் உணர்த்தும் குறியீடாகும். ஓவியத்தின் நிறத்துக்கும் அது உகந்தது. கலைஞனுக்கு இத்தகைய உரிமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், மாற்றப்பட்ட மலரை மாற்றமின்றி வரைவதற்காகக் கடல் கடந்து மலர் தருவிக்கப்பட்டது என்பதிலேதான் இம்மரபின் முரண்பாடு அடங்கியுள்ளது. விவரங்களின் உண்மை, விடயத்தின் உண்மைக்கு ஈடாக வைக்கப்படுகிறது.

இதனினும் முக்கியமானது, ஓவியத்தில் இடம்பெறாத ஒன்றாகும். ஹெலியோகபாலஸின் ஆட்சியில் உரோமரை உண்மையிலேயே அதிரவைத்தது விருந்தன்று, வழிபாடு. எமேசாவின் தெய்வம் மனித உருவற்றது. கூம்பு வடிவான கருங்கல்லாக வணங்கப்பட்டது. அக்கல்லை உரோமுக்குக் கொண்டுவந்து, பலற்றைன் குன்றிற் கோயிலெடுத்து, யூப்பிற்றருக்கும் மேலான இடத்தை அதற்கு அவன் வழங்கினான். அவனுக்குப்பின் ஆட்சிக்கு வந்த செவரஸ் அலெக்சாந்தர் அக்கல்லை எமேசாவுக்கே திருப்பி அனுப்பினான். தேரில் ஏற்றப்பட்ட அக்கல்லின் உருவம் அக்கால நாணயங்களிற் பொறிக்கப்பட்டுள்ளது. அதாவது, மலர்க் கொலைக்கு ஐயத்துக்கிடமான நூலொன்றே சான்று. கருங்கல் வழிபாட்டுக்கோ அவன் காலத்து உலோகமே சான்று. அவ்வாறிருந்தும் ஓவியத்திற் கருங்கல்லைக் காணோம். அது நிற்கவேண்டிய இடத்தில், உரோமின் லுடோவிசி தொகுதியைச் சேர்ந்த சிலையைத் தழுவிய கிரேக்க டயனைசஸ் நிற்கிறான்.

இத்தெரிவு தற்செயலானதெனக் கொள்ளல் இயலாது. அந்நியமான ஒரு சமயத்தின் குருவாக அவனைக் காட்டியிருந்தால், பார்ப்போர் அவனை விளங்கிக்கொள்ள முயலவேண்டி நேர்ந்திருக்கும். இன்பத்தில் மூழ்கிய கீழைத்தேயக் கொடுங்கோலனாகக் காட்டும்போது அந்த முயற்சி தேவையற்றதாகிவிடுகிறது. உரோமச் செனற்சபையினர் சிரிய இளைஞன்மீது கொண்டிருந்த வெறுப்பு, பதினாறு நூற்றாண்டுகளின் பின்னர், கிழக்கை ஆண்ட இன்னொரு பேரரசின் தலைநகரில் மறுபிறவி எடுத்தது என்பதே பொருந்தும்.

இவ்வோவியத்தை 4,000 பவுண் கொடுத்து வரைவித்தவர் யார் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. ஜோன் எயார்ட், பெரும் நிர்மாண வேலைகளை மேற்கொண்ட ஒப்பந்தகாரர், பாராளுமன்ற உறுப்பினருமாவார். 1885இல் சூடானிற் பிரித்தானியப் படையெடுப்பின்போது தொடங்கிக் கைவிடப்பட்ட சுவாக்கின் புகையிரதப் பாதை வேலையிலும், 1898 தொடக்கம் 1902 வரை எகிப்தின் அஸ்வானிற் கட்டப்பட்ட அணையிலும் அவரது நிறுவனம் பங்கு கொண்டது. அத்தகையவரின் இல்லச் சுவரில், வீணடிக்கும் ஒரு கிழக்கத்திய மன்னனின் படம் தொங்கியது. கட்டியெழுப்பும் பேரரசைச் சேர்ந்தோர், களியாட்டில் அழியும் பேரரசைக் கண்டு களிக்கவும் முடிந்தது. தாம் அவ்வாறானவர் அல்லர் என அமைதியுறவும் முடிந்தது.

ஓவியத்தின் பிற்கால வரலாறும் படிப்பினை நிறைந்தது. 1912இல் அல்மா-தடேமா இறந்தபின் அவரது புகழ் விரைவிற் சரிந்தது. 1934இல் 483 கினிக்கு விலைபோன இப்படத்தை 1960இல் வாங்குவாரில்லாமல், ஏல நிறுவனமே 100 கினிக்குத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1973இல் 28,000 பவுணுக்கும், 1993இல் 15 இலட்சம் பவுணுக்கும் அது கைமாறியது. நவீன ஓவியத்தின் ஆதரவாளர்கள், அது புகைப்படம் போன்றது என இகழ்ந்தனர். பின்வந்தோர் அதே காரணத்துக்காகவே போற்றினர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிளாடியேற்றர்' திரைப்படத்தின் உரோம் நகரை அமைத்தோரும் அல்மா-தடேமாவின் ஓவியங்களைப் பார்த்தே அமைத்தனர். இகழ்ந்தோரும் புகழ்ந்தோரும் அதன் தோற்றத்தையே வாதிட்டனர். அது சொல்லும் கதை மெய்யா என்னும் வினா இரு சாராராலும் பெரிதாக எழுப்பப்படவில்லை.

இவ்வளவும் கூறியதனால் இவ்வோவியத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்பது நமது முடிவன்று. வரலாறு என்னும் வகையில் அது பழுதுடையது. ஆயினும், ஓவியனே முழுவதும் எண்ணியிராத ஓர் உண்மை அதன் அமைப்பில் உள்ளது. மன்னன் பின்னால் மேடையிலிருந்து பார்க்கிறான். நாம் முன்னால் நின்று பார்க்கிறோம். இரு பார்வைகளுக்கும் நடுவே மனிதர் மாண்டுகொண்டிருக்கின்றனர். அவர்களை மூடும் இதழ்களின் அழகிலேயே மன்னனின் கண்ணும் நமது கண்ணும் தங்கியிருக்கின்றன. அவனைக் கொடியவன் என்று கண்டிக்கும் அதே கணத்தில், அவன் சுவைத்ததை நாமும் சுவைக்கிறோம். கலைக்கழக மரபின் மிகை நேர்த்தியை வெறும் அலங்காரம் என ஒதுக்குவோர் இதனைக் காணத் தவறுவர். இதழ்கள் இத்துணை அழகாக இல்லாதிருந்தால் அப்பார்வையில் நமக்குள்ள பங்கு நமக்குத் தெரியவந்திராது.

எனவே, இத்தகைய ஓவியங்களை அணுகும்போது இரண்டு கடமைகள் நமக்கு உள்ளன. முதலாவது, பளிங்கும் பட்டும் மெய்போலத் தோன்றுவதால் கதையும் மெய் என்று நம்ப மறுப்பது. இரண்டாவது, கதை பொய் என அறிந்தபின்னரும், அப்பொய்யை விரும்பியோர் யாவர், அது எவ்வாறு அவர்களுக்கு இனித்தது என்று கேட்பது. முதற் கடமையை ஆய்வறிஞர் நிறைவேற்றிவிட்டனர். இரண்டாவது, அப்படத்தின் முன் நிற்கும் ஒவ்வொருவரையும் சார்ந்தது. பதினெட்டு வயது அளவிற் கொல்லப்பட்ட அச்சிரிய இளைஞன் செய்தவை எவை, செய்யாதவை எவை என்பன முழுமையாகத் தெளிவுபடாமற் போகலாம். அவன் வணங்கிய கருங்கல்லை மறைத்து றோசாவைக் கொட்டியவர்கள் எதனைக் காண விரும்பினர் என்பது மட்டும் ஓவியத்திற் தெளிவாகவே தெரிகிறது.