அன்பளிப்புக்காரரைத் தொடாத கேலி

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்கு போய், 2023-இல் தமிழக அரசு, கரகாட்டத்தோடு சேர்த்து ஆடும் குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தடை போட்டது. மண்ணின் கலையைக் கொல்கிறார்கள், கருத்துரிமை போச்சு என்ற புலம்பல் இன்னும் ஓயவில்லை. கரகாட்டத்தையும் நையாண்டி மேளத்தையும் நம்பிப் பல குடும்பங்கள் வாழும் தஞ்சாவூர்ப் பக்கம் அது உரக்கவே கேட்கிறது.

எது ஆபாசம் என்று காவல் நிலையம் தீர்மானிப்பது ஆபத்துதான். நாடக நடிகர் எம்.ஆர். ராதாவை மனத்தில் வைத்து 1954-இல் கொண்டுவந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல 2013 ஆகிவிட்டது. கலைஞர்களின் வயிற்றுப்பாடும் நிஜம். சரி.

ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி நாடகத்தை இந்த ஆட்டத்துக்குச் சாட்சிக்கு இழுக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. குறவஞ்சியில் குறத்தி தன் மலையின் பெருமை பேசுவாள். தலைவி அவளிடம் கை நீட்டிக் குறி கேட்பாள். கணவன் சிங்கன் சீண்டினால் குறத்தியான சிங்கி வாயடைக்கப் பதில் சொல்வாள். திருவிழாப் பந்தலில் நள்ளிரவுக்கு மேல் இந்த ஆட்டத்தில் நடப்பது என்ன? குறவன் வேஷக்காரர் கேட்கும் கேள்விக்கெல்லாம் இரட்டை அர்த்தம். யாருக்காவது புரியாமல் போய்விடுமோ என்று தவில் வேறு ஒரு தட்டு தட்டிக் காட்டும். குறத்தி என்றால் கூப்பிட்ட இடத்துக்கு வருவாள் என்ற ஒரே நினைப்பில்தான் அத்தனை சிரிப்பும். மறுநாள் கூடை விற்க அதே தெருவுக்கு வரும் குறவர் வீட்டுப் பெண்ணிடம் விடலைகள் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்?

இடையில் ஒருவர் மேடையேறி ஆடுகிறவளின் ரவிக்கையில் ரூபாய் நோட்டைக் குத்துவார். உடனே மைக்கில் அவர் பெயரும் பட்டமும் முழங்கும். அதுவரை யாரையும் விடாத கோமாளி அந்த இடத்தில் கும்பிடு போடுவார். எம்.ஆர். ராதா தன்னைச் சிறைக்கு அனுப்பக்கூடியவர்களைச் சீண்டினார். தஞ்சை மராட்டிய மன்னர் சகஜியின் ‘சதி தான சூரமு’ கூட, அழுக்கான கேலிதான் என்றாலும், மன்னார்குடித் திருவிழாவில் மோகம் கொண்டு அலையும் ஓர் அந்தணரைச் சிரிப்புக்கிடமாக்கியது. இந்த ஆட்டம் கேலி செய்வது எதிர்த்துக் கேட்க நாதியில்லாதவர்களை மட்டும். இதற்குப் பெயர் கருத்துரிமையாம்!

தடை எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது வேறு கதை. வேஷத்தின் பெயரை மாற்றினால் அதே வசனத்தைப் பேசலாம். நோட்டுக் குத்திய ஊர்ப் பெரியவரைப் பற்றி, அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே, கோமாளி ஒரு இரட்டை அர்த்த வசனம் பேசிக் காட்டட்டும். அதற்காக அந்தக் கோமாளியைப் பிடித்துக்கொண்டு போனால், அவருக்காகக் காவல் நிலைய வாசலில் முதல் ஆளாக நான் நிற்கிறேன்.