பாடலில் மறைந்த கூலிக்கணக்கு
விக்டர் ஹியூகோவின் ‘லே மிசரபிள்’ (1862), சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ வழியாகத் தமிழ் வாசகர் அறிந்த நாவல். அதன் இசைநாடக வடிவத்தைத் தழுவி டாம் ஹூப்பர் இயக்கிய திரைப்படம் (2012) ஏமாற்றமளிக்கிறது. நாவலில், ஆலை வேலையை இழந்த ஃபான்டீன் சட்டை தைத்துப் பிழைக்கிறாள். சிறைக்கைதிகளின் உழைப்பைக் குத்தகைக்கு எடுத்தவன் தையற்கூலியைச் சரியவைக்க, நாளொன்றுக்கு 17 மணிநேர உழைப்புக்கு அவளுக்குக் கிடைப்பது 9 சூ காசுகளே. இதன் பின்னரே அவள் உடலை விற்கிறாள். திரைப்படத்தில் இக்கூலி உழைப்பே இடம்பெறவில்லை. வேலைநீக்கத்தை அடுத்து வீழ்ச்சி உடனே நிகழ்கிறது. படப்பிடிப்பின்போதே பதிவான பாடற்குரலும் நீண்ட அண்மைக்காட்சியும் அவள் துயரை உணர்த்துகின்றன. அதன் காரணத்தை உணர்த்தவில்லை. எனவே, இத்தழுவலின் குறை நிகழ்ச்சிகளைச் சுருக்கியதன்று; அவற்றை இணைக்கும் பொருளியல் காரணத்தைக் கைவிட்டதேயாகும்.