குடிசையில் மூண்ட தீ, வீட்டுக்குள் விழுந்த அடி

புரட்சி பேசுகிறான் கணவன். பொதுவுடைமை, வர்க்கப் போர், மக்கள் படை, நாவிலே நெருப்பு! கல்லூரியிலே விரிவுரையாளன். அவன் மனைவியோ மங்களூரிலே ஒரு வீட்டில் அடைபட்டு, தன் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் அவனிடம் பறிகொடுத்து, யாரோடு பேசலாம், எதை எழுதலாம் என்பதற்கெல்லாம் அவன் முகம் பார்த்து நிற்கிறாள். மேடையிலே விடுதலை, வீட்டிலே விலங்கு!

மீனா கந்தசாமி 2017இல் ஆங்கிலத்தில் எழுதிய 'வென் ஐ ஹிட் யூ' என்னும் புதினம் தீட்டும் காட்சி இது. 2018இல் பிரிட்டனின் பெண்கள் புனைகதைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம் பெற்ற ஏடு. பழமைவாதியை இத்தனை கடுமையாகச் சாடியிருந்தால் நாம் கைதட்டியிருப்போம். ஆனால் அவர் நிறுத்தியிருப்பது நம்மைப் போல் பேசுபவனை. ஆகவேதான் இது உறுத்துகிறது. உறுத்தட்டும்!

1984இல் சென்னையிலே பிறந்தவர் இவர். 2006இல் முதல் கவிதைத் தொகுதி. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. அந்த மொழிபெயர்ப்புக்கும் இப்புதினத்துக்கும் உள்ள உறவை விளக்கவும் வேண்டுமோ?

முதல் புதினம் 2014இல் வந்த 'தி ஜிப்சி காடஸ்'. கீழ்வெண்மணிதான் களம். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள், பெரும்பாலோர் பெண்டிரும் பிள்ளைகளும், கரிக்கட்டையாயினர். கூலி உயர்வு கேட்டது குற்றம். செங்கொடியை இறக்க மறுத்தது குற்றம்! பண்ணையார்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. அன்று கோட்டையில் இருந்தது நம் ஆட்சி, முதலமைச்சர் அண்ணா என்பதை மறைத்துப் பயனில்லை. நிலக்கிழார்கள் முதலமைச்சருக்கு அனுப்பும் விண்ணப்பத்தோடுதான் புதினமே தொடங்குகிறது. அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் தாண்டிவிடாதீர், தோழர்காள்.

குறையும் உண்டு. முற்பகுதியிலே ஆசிரியை வாசகரோடு விளையாடுகிறார். கதை சொல்வது எப்படி என்றே கதைக்கிறார். வெண்மணிக்குப் போக வந்தவனை வாயிற்படியிலேயே நிறுத்தி வித்தை காட்டுவது ஏன்? பொறுமை இழந்தேன். ஆனால் தீ மூளும் இயலை முற்றுப்புள்ளியின்றி, ஒரே நெடுஞ்சொற்றொடராய் ஓட விட்டிருக்கிறாரே, அங்கே மூச்சு விடவும் இடமில்லை. அந்தக் குடிசைக்குள்ளும் இருந்திருக்காது.

இரண்டாம் நூலுக்கு அந்த ஆட்டமே தேவைப்படவில்லை. தன் வாழ்விலே பட்டதைக் கருவாகக் கொண்டும், தன்வரலாறு என்று அதனைச் சுருக்கிவிடாதீர், இது புதினம் என்கிறார் ஆசிரியை. பெண் எழுதினால் அழுகைக் குறிப்பு, ஆண் எழுதினால் இலக்கியம் என்னும் அளவுகோலுக்கு அவர் தந்த விடையே 2019இல் வந்த 'எக்ஸ்குவிசிட் கடாவர்ஸ்'. பக்கத்தின் நடுவே கதை, ஓரத்திலே அவர் வாழ்வுக் குறிப்பு. புதுமைதான், எனினும் ஓரம் நடுவை விழுங்கிவிடுகிறது.

என் நெஞ்சில் நின்றது மங்களூர் வீடுதான். இல்லாத காதலர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள் அந்த மனைவி. கணவன் திரும்பும் வேளை நெருங்கியதும், எழுதிய ஒவ்வொரு சொல்லையும் தானே அழித்துவிடுகிறாள்.