ஒரே நாளில் காஞ்சி

சென்னையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, காஞ்சீபுரத்துக் கோயில்களைத் தரிசிக்கச் செய்து, இரவுக்குள் வீடு சேர்த்துவிடும் ஒரு நாள் சுற்றுலாவை அவசர யாத்திரையென்று ஒதுக்கிவிடுவோர், துணையின்றி வெளியூர் செல்லத் தயங்கும் பெண்களையும், முழங்கால் வலியோடு பஸ் மாறி ஏற இயலாத முதியோரையும், ஞாயிறு தவிர வேறு விடுமுறை அறியாத தொழிலாளரையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு வண்டியும் வழித்துணையும் அமைத்துக் கொடுப்பது மெய்யான உபகாரம். என் ஆட்சேபமெல்லாம் அந்த நாள் பங்கிடப்படும் முறையைப் பற்றியதே.

ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராஜப் பெருமாள் ஆகிய சந்நிதிகளிலேயே காலைப்பொழுது கழிந்துவிடுகிறது. வருவோரில் பெரும்பாலோர் பக்தர்களாதலால் அது நியாயமே. ஆனால் வரதராஜர் கோயிலில் தங்கப்பல்லியைத் தொட்டு வணங்க வரிசையில் நிற்கும் நேரத்தில் பாதிகூட, அங்குள்ள நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் தொங்கும் கற்சங்கிலிகளை நிமிர்ந்து பார்ப்பதற்குக் கிடைப்பதில்லை. உச்சிவேளையில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். அந்த நீண்ட இடைவேளை முழுவதும் பட்டுச்சேலைக் கடைகளுக்குப் போய்விடுகிறது. நெசவு இவ்வூரின் பெருமைதான். ஆயினும் தறியொன்றையும் காணாமலே பலர் திரும்புகின்றனர்.

இதனால் பெரிதும் நஷ்டமடைவது கைலாசநாதர் கோயில். ராஜசிம்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லால் எடுப்பித்த அவ்வாலயத்தில், பிராகாரச் சுவரையொட்டி அமைந்த 58 சிறு சந்நிதிகளுள் சிலவற்றில் பழைய வர்ணச் சித்திரங்களின் எச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய வழியில் தவழ்ந்து வந்தால் மறுபிறவி இல்லையென்று சொல்லி அனைவரையும் அங்கே அனுப்பும் வழிகாட்டி, சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றியபின் இக்கோயிலின் செல்வத்தைக் கவராமல் கோயிலுக்கே விட்டுக்கொடுத்ததைக் கூறும் கன்னட சாசனம் அங்குள்ள தூணிலேயே பொறிக்கப்பட்டிருப்பதைக் குறிப்பிடுவதில்லை. வென்ற பகைவனே தோற்றவனின் ஆலயத்தில் எழுதிவைத்த இத்தகைய சாட்சியத்தைக் கேளாமல் அவ்விடத்தைவிட்டு ஜனங்கள் திரும்புவது எனக்குத் தாங்கொணாத வருத்தம் தருகிறது.

வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றின் கதியும் அதுவே. வாரிசின்றிப் போன பல்லவ சிம்மாசனத்துக்கு ஆள் தேடிச் சென்றோர், பன்னிரண்டு வயதுப் பாலகனை அழைத்துவந்து நந்திவர்மனென முடிசூட்டிய வரலாறு அங்கே சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மூலவரைச் சேவித்ததும் வண்டி ஹாரன் அடிக்கிறது. திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயிலோ பெரும்பாலும் பட்டியலிலேயே இடம்பெறுவதில்லை. பௌத்தமும் சமணமும் செழித்திருந்த நகரம், சைவ வைணவ க்ஷேத்திரமாக மட்டுமே மனத்தில் பதிந்துவிடுகிறது.

வெயிலேறுமுன் கைலாசநாதர் கோயிலிலிருந்து தொடங்குவதும், சேலைக்கடை நேரத்தைப் பாதியாகக் குறைப்பதும், பகற்சாப்பாட்டுக்குப்பின் ஓரிடத்தில் அமர்த்தி நந்திவர்மன் கதையைச் சாவகாசமாகச் சொல்லி, மாலையில் நடை திறந்ததும் அச்சிற்பங்களின்முன் கொண்டுபோய் நிறுத்துவதும் இதே கட்டணத்தில், இதே வண்டியில் கூடிய காரியங்களே.