ஆதனமும் நகரமும்: ஒரு பட்டுத்திரைச் சித்திரம் பற்றிய ஆய்வு

நகரைப் பாடுதல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் மிக நீண்டதாகிய மதுரைக்காஞ்சி, 782 அடிகளில் ஒரு மாநகரின் பகலையும் இரவையும் நம் கண்முன் நிறுத்துகின்றது. அந்நூலை மாணாக்கர்க்குக் கற்பித்துவரும் யாம், அமெரிக்க ஓவியர் றொபேட் றோஷன்பேர்க் ஆக்கிய ‘எஸ்டேட்’ என்னும் நகரச் சித்திரத்தை நோக்கியபோது எழுந்த எண்ணங்களே இக்கட்டுரையாம்.

‘எஸ்டேட்’ என்றவுடன் நம்மவர்க்கு மலையகத் தேயிலைத் தோட்டமே நினைவில் எழும். ஈண்டு அச்சொல்லை ஆதனம், அஃதாவது உடைமை, எனக் கொள்ளுதல் பொருந்தும். 1963 இல் ஆக்கப்பட்ட இச்சித்திரம் பிலடெல்பியாக் கலைக்கூடத்திற்குரியது. யாம் கண்டது அதன் அச்சுப்படியே. பொப் கலைக்கு முன்னோடியாகக் கருதப்படும் இவ்வோவியர், தாம் எடுத்த புகைப்படங்களையும் சஞ்சிகைகளில் வந்த படங்களையும் பட்டுத்திரையில் ஏற்றி, திரையினூடே மையை அழுத்திக் கித்தானிற் பதித்தார். நம் ஊர்களிற் பதாகைகள் அச்சிட உதவிய முறையும் இதுவே. சுதந்திரதேவி சிலை, நியூயோர்க்கின் தெருப் பலகைகள், கட்டடங்கள், பறவைகள், மைக்கலாஞ்சலோவின் ஓவியம் விளங்கும் சிஸ்தைன் ஆலயம் ஆகிய யாவும் இப்படத்தில் நெருங்கி நிற்கின்றன. இடையிடையே தூரிகையின் வண்ணத் தீற்றல்கள் தோன்றுகின்றன.

இஃது ஒழுங்கற்ற குவியல் என்பார் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. நாளங்காடி, அல்லங்காடி, பல்வகைக் கொடிகள், பல்வகை மாந்தர் என மதுரைக்காஞ்சியும் காட்சிகளைக் குவிக்கவே செய்கின்றது. ஆயின் மாங்குடி மருதனார் அவற்றைப் பொழுது என்னும் இழையிற் கோத்தார்; நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்துதலே அவர் கருத்து. றோஷன்பேர்க்கின் சித்திரத்திலோ கேட்போன் ஒருவன் இல்லை. தலைமைப் பொருளும் இல்லை. ஆலயமும் தெருப் பலகையும் ஒரே நிறை பெறுகின்றன. இற்றை நகரத்தில் நம் கண் காணும் முறை அதுவே. ஆதலின் இதனைக் குறையெனல் தகாது.

குறை வேறோரிடத்தில் உளது. இச்சித்திரத்திற் காணும் படிமங்களுட் சில அவருடைய வேறு சித்திரங்களிலும் வருகின்றன. எங்கும் பொருந்தும் படிமம் எவர்க்கும் ஆதனமாதல் அரிது. வன்னியில் 2009 இல் இடம்பெயர்ந்தோர் பலர், காணி உறுதியையும் குடும்பப் படமொன்றையும் பையிலிட்டுக் காத்தனர். அப்படத்தைப் பிறிதொரு கித்தானுக்கு மாற்றிவிட முடியுமோ? போருக்குப் பின் கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் வங்கிப் பலகைகளும் தொலைபேசி விளம்பரங்களும் எழுந்தன. வீழ்ந்த நீர்த்தாங்கியும் அங்கே கிடந்தது. அந்நியன் கண்ணுக்கு இவை ஒரே நிறையினவாகலாம், நமக்கு ஆகா.

எனினும் ஒரு செய்தி போற்றற்குரியது. 1964 இல் வெனிஸ் கண்காட்சியின் பெரும்பரிசு கிடைத்ததும், பழகிய படிமங்களையே மீண்டும் பதித்தலை விரும்பாது, தம் பட்டுத்திரைகளை அழித்துவிடுமாறு அவர் பணித்தார். அத்துணிவே கலைஞனின் மெய்யான ஆதனம் எனலாம். நம் மாணாக்கர் இம்முறையை அவரிடம் கற்கலாம். எதனை எதனருகே வைப்பது, எவர்க்காக வைப்பது என்பதை மருதனாரிடமே கற்றல் வேண்டும்.