மைதானத்துக்கு வராத முதுகலை

தமிழ்நாட்டில் உடற்கல்வி முதுகலையான எம்.பி.எட். மாணவர்களின் ஆய்வேடுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. பிளையோமெட்ரிக் பயிற்சியோ சர்க்யூட் பயிற்சியோ யோகாசனமோ, ‘தேர்ந்தெடுக்கப்பட்ட உடல்திறன் கூறுகளில்’ என்ன மாற்றம் செய்கிறது என்பதே கேள்வி. ஒரு குழுவுக்குப் பயிற்சி, இன்னொரு குழு சும்மா இருக்கும். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் அளந்து, ஆன்கோவா என்ற புள்ளியியல் சோதனை போட்டுப் பார்த்தால் பயிற்சி எடுத்தவர்கள் முன்னேறியிருப்பார்கள். இதற்காகப் பிள்ளைகள் வேகாத வெயிலில் உழைக்கிறார்கள், ராத்திரி கண்விழித்து அட்டவணை போடுகிறார்கள். அந்த உழைப்பு பள்ளி மைதானத்தில் நிற்கும் ஆசிரியருக்குப் போய்ச் சேருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தப் படிப்பின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதிலிருந்து நமக்கு நூறாண்டு மரபு இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.பி.எட். இரண்டு ஆண்டு, அதன்மேல் எம்.பி.எட். இரண்டு ஆண்டு. உடற்பயிற்சி உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ், விளையாட்டு மருத்துவம், உளவியல், புள்ளியியல் என்று பாடத்திட்டம் கனமானது. அந்தக் கனம் வீண் அல்ல. கிடுகிடுவென வளரும் பருவத்தில் நீளம் தாண்டும் ஒரு சிறுமிக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஓடி ஓடித்தான் சரியாகும்’ என்று விரட்டுகிறவரும் உண்டு. முறையாகப் படித்தவருக்கோ, தொடைத் தசைநார் வளரும் எலும்பைப் பிடித்து இழுப்பதால் வருகிற வலி அது என்று தெரியும். தாண்டுவதைக் குறைத்து ஓய்வு கொடுப்பார், மருத்துவரிடம் காட்டச் சொல்வார். ஒரு குழந்தையின் முழங்காலைக் காப்பாற்றும் படிப்பை நான் லேசாகப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தச் சிறுமி ஏற்கெனவே அணிக்குத் தேர்வானவள். மீதிப் பேர்? அரசுப் பள்ளியில் ஒரு பீரியடுக்கு ஐம்பது அறுபது பிள்ளைகள் வருவார்கள், பந்து இரண்டுதான் இருக்கும். முரட்டுப் பையன்கள் அதைப் பிடித்துக்கொள்ள, பெண் பிள்ளைகள் வேப்பமர நிழலில் ஒதுங்குவார்கள். ஒரு கால் வலுவில்லாத பையன் எல்லோருடைய பைக்கும் காவல் இருப்பான். இந்தக் கூட்டத்தை எப்படி விளையாட வைப்பது என்பதற்கு எம்.பி.எட். தரும் பயிற்சி மெலிவானது. கோச்சிங் லெசன், அஃபிஷியேட்டிங் லெசன் எல்லாம் உண்டு. ஆனால் பல நேரம் எதிரே மாணவராக நிற்பது விசிலுக்கு முன்பே வரிசையில் வந்து நிற்கும் சக வகுப்பு நண்பர்கள். எட்டாம் வகுப்பு தாண்டியதும் பெண் பிள்ளைகள் ஏன் மைதானத்துக்கு வருவதில்லை என்ற கேள்வியை எடுத்த ஆய்வேடு அரிது. அதை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்க முடியாது என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

கலைப் பக்கம் குறை வேறு விதம். 1850இல் பிறந்த சென்னை ஓவியக் கல்லூரியும் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியும் நல்ல ஓவியர்களையும் சிற்பிகளையும் தந்திருக்கின்றன. அங்கே கவின்கலை முதுகலையான எம்.எஃப்.ஏ. முடிப்பவர் தன் கோட்டையும் வண்ணத்தையும் தேடிக் கண்டடைகிறார். ஏழு வயதுப் பிள்ளை வீட்டைவிட அம்மாவைப் பெரிதாக வரைவது ஏன், அதைத் திருத்தலாமா கூடாதா என்பதை அங்கே யாரும் அவரோடு பேசுவதில்லை. பள்ளி ஓவிய ஆசிரியர் ஆவதற்கான வழியோ அரசுத் தொழில்நுட்பத் தேர்வும் டி.டி.சி. என்ற தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழும் கொண்ட தனிப்பாதை. கலையைக் கற்பவரும் கற்பிப்பவரும் இப்படி வெவ்வேறு வாசலில் நுழைவது நமக்குப் பெரும் நஷ்டம். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பறையும் ஒயிலும் மேடை ஏறுவது மனதுக்கு நிறைவானது. போட்டிக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குத் தொடர்ந்து சொல்லித்தர ஆள் வேண்டுமே. நாடகத்துறை இதில் ஓரளவு விதிவிலக்கு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சே. இராமானுஜம் குழந்தைகள் நாடகத்தைப் பக்க வேலையாக நினைக்காமல் கலையாகவே நடத்தியவர். அந்தத் தடத்தில் நடந்தவர்கள் சிலர்தான்.

பழியை முழுக்கப் பாடத்திட்டத்தின் தலையில் கட்டுவதும் நியாயமல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான், கலைக்கும் உடற்கல்விக்கும் ‘பகுதிநேர’ பயிற்றுநர் என்கிறது. 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ரூ.5,000 சம்பளத்தில், வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலைக்கு எடுத்தது. சம்பளம் பின்னர் உயர்ந்தாலும் நிரந்தரம் கேட்டுப் போராட்டம் நீண்டுகொண்டே போகிறது. முதுகலை முடித்தவர் இந்த அரை நாள் வேலையை நம்பி எப்படிக் குடும்பம் நடத்துவார்? அதனால் நெட், செட் தகுதித் தேர்வுகளை எழுதிக் கல்லூரி வேலைக்குப் பார்க்கிறார். படிப்பும் கல்லூரியை நோக்கியே திரும்பிக்கொள்கிறது.

பணியிடங்களை உருவாக்க அரசாணை வேண்டும், நிதி வேண்டும். ஆய்வேட்டை மாற்ற ஒரு துறைக் கூட்டம் போதும். கடைசி செமஸ்டருக்கு முன்னால் மாணவரை ஒரே அரசுப் பள்ளியில் மூன்று மாதம் விட்டுவிடலாம். எம்.பி.எட். மாணவரும் எம்.எஃப்.ஏ. மாணவரும் சேர்ந்தே போகட்டும். ஆய்வுக் கேள்வியை அங்கிருந்து எடுத்து வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வேப்பமர நிழலில் ஒதுங்கியவர்களில் எத்தனை பேர் மூன்று மாதத்தில் ஆட்டத்துக்குள் வந்தார்கள், எதனால் வந்தார்கள், வராதவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதும் ஆய்வேட்டுக்கும் முதுகலைப் பட்டம் தரலாம்.