நிலவுப் பாட்டு நிமிர்ந்து நின்ற கதை

லகாட், பத்து காஜா வட்டாரப் பள்ளிகளின் சபைக்கூடலில் மலேசிய தேசிய கீதமான 'நெகாராகூ' முடிந்து பேராக் மாநில கீதம் தொடங்கும்போது சொல்தான் மாறும், மெட்டு மாறாது. 1957-இல் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு, போட்டிக்கு வந்த 514 படைப்புகளையும், பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் போன்ற மேதைகளிடம் கேட்டு வாங்கியவற்றையும் ஒதுக்கிவிட்டு, பேராக்கின் மெட்டையே நாட்டுக்கு எடுத்துக்கொண்டது. அதன் மூலமோ 'லா ரோசலி' என்ற பிரெஞ்சுப் பாட்டு. கவிஞர் பெராஞ்சேயின் பெயரில் வழங்குவது. பிரிட்டிஷ் அதிகாரி பெர்ச்சின் கொலைக்குப் பின் பேராக் சுல்தான் அப்துல்லா நாடுகடத்தப்பட்ட சேஷெல்ஸ் தீவில் அது புழக்கத்தில் இருந்தது. இடையில் அதே மெட்டு 'தெராங் பூலான்' என்ற நிலவுக் காதல் பாட்டானது. 1947-இல் 'மமூலா மூன்' என்று ஹவாய் கித்தாரோடு இசைத்தட்டிலும் ஏறியது. அதை வாசித்த இசைக்குழுவின் தலைவருக்குச் செவ்விசை மேதை ஃபீலிக்ஸ் மெண்டல்சனின் பெயரே என்பது தனி வேடிக்கை!

செவ்விசை மெட்டு சினிமாவுக்கு வந்தால் 'இறங்கிவிட்டது' என்று முகம் சுளிப்பவர்கள் இந்தப் பயணத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே மெட்டு ஆட்ட அரங்கிலிருந்து அரியணைக்கு ஏறியிருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரும் இதைத்தான் செய்தார். ஆங்கிலேயர் மெட்டுகளுக்கு வடமொழி சாகித்தியம் அமைத்தார். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டேதான். சங்கராபரணத்தின் சுரங்கள், ஆனால் அந்த ராகத்துக்கு உயிரான கமகம் கிடையாது. சுரம் அசையாமல் நேராக நிற்கும். அந்த அசையாமையே அரசனுக்கான வாழ்த்தை அம்பாள் துதியாக ஏற்றுக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. ஆக, மெட்டுக்குப் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை. அது நடக்கும் நடையில்தான் எல்லாம் இருக்கிறது.

சொல்லை மாற்றினால் எதுவும் மாறத்தானே செய்யும் என்று கேட்கலாம். 1992-இல் 'நெகாராகூ'வின் சொல்லில் கைவைக்கவில்லை, வேகத்தை மட்டும் அணிவகுப்புக்கு ஏற்பக் கூட்டினார்கள். மக்கள் மனம் ஒட்டவில்லை. 2003-இல் பழைய நிதானத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. இன்னொரு மறுப்பு வலுவானது: மெட்டில் பழைய வாசனை ஒட்டாதென்றால், அது தேசிய கீதமானதும் அதைக் கேளிக்கைக்கு வாசிக்கக் கூடாதென்று தடை போட்டது எதற்கு? அன்றைய காதுகளில் நிலா இன்னும் காய்ந்துகொண்டிருந்தது, அதனால்தான். வாசனை ஒட்டியிருந்தது கேட்டவர் பழக்கத்தில். இன்று சபைக்கூடலில் நிற்கும் பிள்ளைக்கு அந்த நிலா தெரியவே தெரியாது.

இந்த அளவுகோலால் பார்த்தால் சினிமாக்காரர்களில் யார் கெட்டிக்காரர், யார் சோம்பேறி என்பது விளங்கிவிடும். மெட்டை அதே நடையில் தூக்கிவந்து அடியில் டிரம்ஸ் மட்டும் சேர்ப்பவரைத் திருடர் என்று திட்டுவதுகூட அதிகப்படியான மரியாதை. 1961-இல் 'சாயா' இந்திப் படத்துக்காக சலில் சௌத்ரி மொசார்ட்டின் 40-ஆம் சிம்பொனியைத் தொட்டார். பதற்றமாகத் துடிக்கும் அந்தத் தொடக்கத்தைக் காதலர்களின் சீண்டலாக்கிவிட்டு, அதன் பிறகு மொசார்ட்டைத் திரும்பிப் பாராமல் தன் போக்கில் போய்விட்டார்.